என் மகளுக்குப் பகலைக் காட்டிய அண்ணன்

அண்ணன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த அந்த நடுப்பகல் இன்னும் அப்படியே என் கண்ணில் நிற்கிறது. வாசலில் தொங்கிய கோணியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, இன்னொரு கையில் கால் கட்டிய கோழியும் தோளில் ஒரு மூட்டையுமாக, வெயிலிலிருந்து நேராக இருட்டுக்குள் காலை வைத்தான். வைத்த கால் தண்ணீர்க் குடத்தில் இடறியது. குடம் உருண்டது, கோழி கத்தியது. "இன்னா தங்கச்சி, ஊடா இது? பட்டப்பகல்ல ஒண்ணுமே தெரியலியே!" என்று அண்ணன் தன் வழக்கமான குரலில், அதாவது பின் லைன் வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டான். மூலையில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்து, "வெடி! ஒதுங்குங்கடா!" என்று கத்திக்கொண்டே சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுரங்கத்தில் பாறைக்கு மருந்து வைத்துத் திரி கொளுத்தும் கூட்டத்தில் அவருக்கு வேலை. தூக்கத்திலும் காதில் வெடிதான் கேட்கும். அவ்வளவு களேபரத்திலும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான். பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்த என் மகள்.

தங்கவயலுக்கு மின்சாரம் வராத காலம் அது. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் எங்களுடையது ஒற்றை அறை. மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், மேலே தகரம். என் வீட்டுக்காரருக்கு அப்போது ராத்திரி ஷிப்ட். பொழுது சாய்ந்து சங்கு ஊதியதும் கிளம்பிப் போனால், விடிந்த பிறகு முகமெல்லாம் கல்தூள் அப்பி வீடு திரும்புவார். குளித்து, களி தின்று, படுத்துவிடுவார். பூமிக்கு அடியில் வேலை செய்கிறவன் தூக்கம் கெட்டுப் போய் இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் படுத்ததும் வாசலுக்குக் கோணியைக் கட்டுவேன். ஜன்னல் என்று பெயருக்கு இருந்த ஓட்டையில் கிழிந்த சேலையைத் திணிப்பேன். பாத்திரத்தைக்கூடப் பூனைமாதிரி எடுத்து வைப்பேன். கல் இடிக்கிற மில் மட்டும் யாருக்கும் அடங்காது. இரவும் பகலும் ஒரே மாதிரி இடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பொழுது சொல்ல யாராலும் முடியாது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். எனக்குத் தாய் இல்லை. அம்மா போன பிறகு குடியாத்தம் பக்கத்து எங்கள் வீட்டில் மிஞ்சியவர்கள் நானும் அண்ணனும்தான். என்னைவிட மூன்றே வயது மூத்தவன். வா, போ என்று பேசியே வளர்ந்தோம். குழந்தை பிறந்த செய்தி போனதும் வருவதாகத்தான் இருந்தான். எருது ஒன்றுக்குக் கோமாரி வந்து தங்கிவிட்டது. அது தேறியதும் சொந்த வண்டியைப் பூட்டிக்கொண்டு மலைப்பாதை ஏறி வந்துவிட்டான். மூட்டையில் சுக்கு, பூண்டு, வெல்லம், நல்லெண்ணெய், யாரிடமோ கேட்டு இடித்து வாங்கிய பிரசவக் காய மருந்து எல்லாம் இருந்தன. அம்மா செய்ய வேண்டியதை நான் செய்கிறேன் என்று வாயால் சொல்லவில்லை. கோழியைத் தூணில் கட்டிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தான்.

என் மகளைப் பார்த்து முதலில் அவன் ரொம்பவும் மெச்சினான். "எவ்ளோ சாதுவா கீது பாரு, ஒரு சத்தம் இல்ல" என்றான். என் வீட்டுக்காரருக்கும் அதே பெருமை. பகலெல்லாம் அவர் பக்கத்தில் அவளும் தூங்குவாள். அவர் புரண்டால்கூட அவள் விழிக்கமாட்டாள். "எம் பொண்ணும் என் ஷிப்ட்டுதான்" என்று வேலைக்குப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் கிளம்பிப் போன பிறகு நடப்பது அவருக்கு எங்கே தெரியும்? விளக்கு வைத்ததும் இவள் கண்ணைத் திறப்பாள். திறந்த கண் விடிகிற வரைக்கும் மூடாது. மடியில் இருந்தால் கூரையைப் பார்ப்பாள், கீழே விட்டால் ஊரைக் கூட்டுவாள். நான் சிம்னி விளக்கைத் தூண்டிவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு, நான்கு சுவருக்குள் நடந்துகொண்டே இருப்பேன். விடிந்தால் அடுப்பு, தண்ணீர், துணி. அவர்கள் இருவரும் சுகமாகத் தூங்குகிற நேரத்தில் எனக்குக் கண் சொருகும், உட்கார நேரம் இருக்காது. பால் வற்றத் தொடங்கியது. கஞ்சி வடிக்கும்போது நின்றபடியே தூங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

அண்ணன் வந்து நாலைந்து நாளில், ஒரு சாயந்திரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். தெலுங்குக்காரி. தட்டிச் சுவர் ஒன்றுதான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில். பிரசவத்தின்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். சண்டை போட வந்தவள் மாதிரித்தான் வாசலில் நின்றாள். ஆனால் வாய் திறந்ததும் அழுதுவிட்டாள்.

"அம்மாயி, தப்பா எடுத்துக்காத. எங்க ஊட்டுக்காரு தூங்கிப் பல நாளாவுது. இன்னிக்கு மணி மாத்தி அடிச்சிட்டாரு."

அவள் புருஷனுக்குப் பகல் ஷிப்ட். சுரங்க வாயில் மணி அடிக்கிற வேலை. ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டைத்தான் கேஜ் என்போம். எஞ்சின் அறையில் இருக்கிறவனுக்குக் கேஜ் தெரியாது. இவர் அடிக்கிற மணியைக் கேட்டுத்தான் அவன் கயிற்றை இழுப்பான், நிறுத்துவான். அன்று காலையில் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் மேலே வந்துகொண்டிருந்தபோது, கண் அயர்ந்து போய், அடிக்கக் கூடாத நேரத்தில் அடித்துவிட்டார். கேஜ் பாதி வழியில் குலுங்கி நின்றுவிட்டது. உடனே திருத்தி அடித்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி திட்டியதோடு போயிற்று. ஆனால் அந்தக் கேஜில்தான் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். முழங்கை சிராய்த்து வந்தவரிடம் காலையில் நான் கேட்டபோது, "கேஜ் கொஞ்சம் ஆட்டம் போட்டுச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்திருந்தார். என் குழந்தை அழுத அழுகை தட்டிச் சுவரைத் தாண்டி, ஒரு மனுஷனின் தூக்கத்தைத் தின்று, அவள் அப்பா நின்ற கேஜின் கயிறு வரைக்கும் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றே அண்ணன் வைத்தியம் தேட ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனான். போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது. கடைக்காரன் கடுகளவு அபினை நீட்டி, தாய்ப்பாலில் உரைத்து வை, லைன் குழந்தைகள் பாதி இதில்தான் தூங்குகின்றன என்றிருக்கிறான். "நம்ம ஊர்ல வண்ணாரூட்டுப் புள்ளைக்கு வெச்சாங்களே, ஞாபகம் கீதா? அது எழுந்துக்கவே இல்ல" என்றான் அண்ணன். எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம். வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவினோம். அவள் வசம்பு வாசனையோடு விடிய விடிய விழித்திருந்தாள்.

வழி தெரிந்தது அண்ணனுடைய தூக்கத்தில். ஊரிலிருந்து வந்தவன் சும்மா இருக்க வேண்டாமே என்று, சுரங்கத்துக் கொதிகலன்களுக்கு விறகு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் விடியற்காலை நடை முடித்துவிட்டு வந்து, களைத்துப்போய் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓரமாகப் படுத்தான். எழுந்தவன் சோம்பல் முறித்தான். "விளக்கு ஏத்தலியா? மச்சான் வேலைக்குக் கெளம்பலியா?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் என் பதிலுக்குக் காத்திராமல் துண்டை உதறிக்கொண்டு, மாட்டைப் பிடித்துக் கட்டப் போகிறேன் என்று கோணியை விலக்கினான். வெளியே உச்சி வெயில். கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"மீசை மொளைச்ச ஆம்பள, எனக்கே பகலா ராத்திரியான்னு தெரியல. இந்தப் பிஞ்சுக்கு இன்னா தெரியும்? உன் ஊட்ல பகலே இல்லியே, தங்கச்சி!"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் நிஜம். பகலில் இருட்டும் அமைதியும். ராத்திரியில் விளக்கும், நடையும், பேச்சும். அவள் பிறந்ததிலிருந்து வெயிலையே பார்த்ததில்லை. தப்பாகத் தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுப் பொழுதுக்கு அவள் சரியாகத்தான் தூங்கியிருக்கிறாள்.

கோணியைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கழற்றினால் அவர் எங்கே தூங்குவார்? லைனுக்குப் பின்னால் ஒரு பெரிய புங்கமரம் இருந்தது. அண்ணன் தன் வண்டியை அதன் அடியில் நிறுத்தி, மூங்கில் பாயை வளைத்துக் கூண்டு கட்டினான். மேலே கோணி விரித்து, உள்ளே வைக்கோல் பரப்பி, என் ஜமுக்காளத்தைப் போட்டான். விறகு நடையைச் சாயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டான். எல்லாம் செய்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னான். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னா மச்சான், எங்கூட்ல எனக்கே எடம் இல்லியா? மாட்டு வண்டில போய்ப் படுக்கணுமா? லைன்ல நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "அவ பக்கத்துல படுக்கற நேரம்தான் எனக்குன்னு கீது. அதையும் எடுத்துக்கறீங்களே" என்றார். அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபத்துக்கு அடியில் அதுதான் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன்" என்றான் அண்ணன். அவனுக்குத் தெரிந்த அளவுக்கு மெதுவாகத்தான் பேசினான். "உம் பொண்ணு கண்ணு யாரு மாதிரி கீது?"

என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். திறந்தது அப்படியே நின்றுவிட்டது. பிறந்த அன்று பார்த்தது. அதற்குப் பிறகு அந்தக் கண்கள் திறந்திருக்கும் நேரத்தில் அவர் பூமிக்கு அடியில் இருந்தார்.

"அவ பகல்ல முழிச்சான்னு வெச்சிக்க, வேலைக்குப் போறதுக்கு முன்னால நீ பாக்கலாம்" என்றான் அண்ணன். மறுநாள் காலையில் அவர் ஷிப்ட் முடிந்து வந்து, களி தின்று, தலையணையை எடுத்துக்கொண்டு புங்கமரத்தைப் பார்த்து நடந்தார்.

அந்தக் காலையிலேயே கோணி இறங்கியது. ஜன்னலில் திணித்திருந்த சேலையை உருவினேன். வெயில் ஒரு துண்டாக உள்ளே வந்து குழந்தையின் வயிற்றில் விழுந்தது. அவள் முகத்தைச் சுருக்கினாள், கையை விரித்தாள், ஒரு தும்மல் போட்டாள். அது வரைக்கும் எனக்கே என் மகளின் நிறம் சரியாகத் தெரியாது. காதோரத்தில் பூனைமயிர் இருந்தது. இடது புருவத்துக்கு மேலே கடுகுமாதிரி ஒரு மச்சம். விளக்கு வெளிச்சத்தில் இதெல்லாம் எங்கே தெரிந்தது?

வெளியே வைத்துக் குளிப்பாட்டலாம் என்றான் அண்ணன். லைன் முழுக்க எதிர்ப்பு. இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தையை வாசலில் கிடத்துவதா, கண் பட்டுவிடாதா என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அண்ணன் மைச்சிமிழை எடுத்தான். நெற்றியில் ஒரு பொட்டு, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று, உள்ளங்காலில் ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டே போனான். "கண்ணு வெக்கறவங்களுக்கு எங்க எடம் கீதுன்னு தேடட்டும்" என்றான். குழந்தை சிறுத்தைக்குட்டிமாதிரி ஆகிவிட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் இறங்கி வந்தாள். தன் சேலையைக் காற்றுக்கு மறைப்பாக விரித்துப் பிடித்துக்கொண்டாள். நான் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, இளம்வெயிலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வாசல் காலை முழுக்கத் திறந்தே கிடந்தது. குழந்தை தூங்கினால் தூங்கட்டும் என்று விட்டோம், ஆனால் வெளிச்சத்திலும் சத்தத்திலும்தான் தூங்க வேண்டும். அவள் பக்கத்திலேயே நான் பாத்திரம் தேய்த்தேன். அக்கா முறத்தில் கேழ்வரகு புடைத்தாள். பால் குடிக்கும்போது கண் சொருகினால் உள்ளங்காலில் விரலால் கோடு போடுவேன். அண்ணன் ஒரு பக்கம் உட்கார்ந்து ஊர்க் கதை எல்லாம் அவளிடம் சொன்னான். எந்த எருது எப்படிப் படுத்தது, மலைப்பாதையில் எங்கே சக்கரம் கழன்றது, எல்லாம். வீட்டில் அடக்கி வைத்திருந்த குரலை அவிழ்த்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. அவள் விழித்திருக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பகலுக்கு நகர்ந்தது.

கஷ்டமான பாதி என்னுடையது. பொழுது சாய்ந்ததும் ஒரு முறை வெந்நீரில் உடம்பைத் துடைத்து, பால் கொடுத்து, விளக்கைத் திரி தெரியாமல் இறக்கிவிட வேண்டும். அவள் அழுதால் எடுக்கலாம், பால் கொடுக்கலாம், துணி மாற்றலாம். பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதமும் அவர் இல்லாத ராத்திரிகளில் என் பயத்துக்கு அவள்தான் துணையாக இருந்தாள். அம்மா எப்படிச் சிரிப்பாள் என்பதிலிருந்து, மில் சத்தம் சற்றே மாறினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது வரை எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்லியிருந்தேன். இருட்டில் அவள் கண் மினுக்கிக்கொண்டு என் வாயையே பார்க்கும்போது பேசாமல் இருப்பது பசியோடு சோற்றைத் தள்ளி வைப்பதுபோல இருந்தது. விடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அவளிடம் கொட்டிவிடுவேன். வெயிலில் சொன்னால் அந்தப் பயங்கள் பாதியாகக் குறைந்திருந்தன என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆரம்பத்தில் இரண்டும் கெட்டது. பகலிலும் அழுதாள், ராத்திரியிலும் அழுதாள். கொஞ்சம் சரியாகி வந்த சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, தகரத்தில் ஒரே இரைச்சல். பகலெல்லாம் சுருண்டு தூங்கிவிட்டு விளக்கு வைத்ததும் கண்ணைத் திறந்தாள். நான் உட்கார்ந்து அழுதேன். "வானத்துக்கே இன்னிக்குப் பகல் மறந்து போச்சி, அவளப் போய் சொல்றியே" என்றான் அண்ணன். மழை விட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பிறகு ஒரு நாள் காலைச் சங்கு என்னை எழுப்பியது. சங்கு என்னை எழுப்பியது என்பதே புரியாமல் கிடந்தேன். எழுப்ப வேண்டியவள் எங்கே? பதறிப்போய்த் தொட்டேன். சூடாக, சீராக, மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினாள். ராத்திரி எழுந்து பால் குடித்தது கனவுபோல நினைவு இருந்தது. குடித்ததும் தூங்கிவிட்டிருக்கிறாள். தட்டிக் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் சோற்றுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்து நின்று, "இன்னாம்மா, பாப்பா ஊருக்குப் போயிருக்குதா?" என்று கேட்டார். சிரித்தபடியே இல்லையென்று தலையை ஆட்டினேன். உள்ளேயிருந்து அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது லைன் முழுக்க மின்விளக்கு வந்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் வெளிச்சம், தட்டினால் இருட்டு. என் மகளுக்கே இரண்டு பிள்ளைகள். அவற்றில் இளையது பிறந்தபோது, ராத்திரி விளையாடிப் பகலில் தூங்குகிறது என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் போய் முதலில் ஜன்னல்களைத் திறந்தேன். "யாரும்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். "உன் மாமன்" என்றேன். அவன் குடியாத்தத்தில் கல்யாணம் செய்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, யாருமே தூங்க முடியாத ஒரு வீட்டில் சந்தோஷமாக இருக்கிறான். தாய்வீட்டுக்கு என்று எனக்கு ஒரு முகம் இருந்தால் அது அவனுடைய முகம்தான்.

ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சாயந்திரம். அண்ணன் ஊருக்குத் திரும்புவதற்குச் சில நாள் முன்பு. வெயில் தாழ்ந்து, வாசல் முழுக்க மஞ்சளாக இருந்தது. நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் புங்கமரத்தடியிலிருந்து வந்தார். தலையெல்லாம் வைக்கோல். கன்னத்தில் ஜமுக்காளத்தின் கோடு. தினமும் அவர் எழுந்து வருவதற்குள் அவள் ஒரு குட்டித் தூக்கத்துக்குப் போய்விடுவாள். அன்று விழித்திருந்தாள்.

அவர் குந்தி உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். அவள் பார்த்தாள். உதடு பிதுங்கியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவரும் நினைத்திருக்க வேண்டும், சட்டென்று பின்வாங்கினார். "நாந்தாம்மா" என்றார், என்ன சொல்வதென்று தெரியாமல். அந்தக் குரலை எங்கே கேட்டாளோ, தூக்கத்தில்தான் கேட்டிருப்பாள். பிதுங்கிய உதடு அப்படியே நின்றது. பிறகு மெல்ல அகன்றது. பல்லில்லாத வாய் முழுதும் திறந்து, கண் இரண்டும் சுருங்கி, அவரைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"எனக்கா? எனக்கா சிரிச்சா?" என்று அவர் என்னைக் கேட்டார், அண்ணனைக் கேட்டார், பக்கத்து வீட்டு வாசலில் நின்ற அக்காவைக் கேட்டார். "உங்கம்மா கண்ணு மாதிரி கீது" என்று அவளிடமே சொன்னார். முதல் சங்கு ஊதியது. அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கை அவர் விரல் ஒன்றைப் பிடித்திருந்தது. அண்ணன் போய் அவருடைய தொப்பியையும் சுரங்கத்தில் கொளுத்தும் மெழுகுவத்திகளையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். இரண்டாவது சங்கும் ஊதியது. "மச்சான், கேஜ் போயிடும்" என்றான். அவர் விரலை மெதுவாக உருவிக்கொண்டு எழுந்து, தெருவில் ஓடினார். திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். ஓடி வந்து இன்னொரு முறை பார்த்துவிடலாமா என்று நினைக்கிற முகம். அதற்குள் வாசலில் அந்தி மங்கல் இறங்கிவிட்டிருந்தது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். நான் சைகையில் காட்டினேன். அவர் அங்கிருந்தே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.